வாண்டுகளோடு காட்டுப்பக்கம்: பொள்ளாச்சி, பாலக்காடு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓர் அணையோ மலையோ வந்துவிடும். பள்ளிக்கூட வாசலிலும் பால் சொசைட்டியிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சின்னக் குழந்தை என்று நான் சொல்வது எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை.

ஏனுங்க்கா, எத்தனை வயசுல இருந்து கூட்டிட்டுப் போலாமுங்க?

பகலில் போய் பகலில் திரும்புவதற்கு வயதுக் கணக்கே கிடையாது. கைக்குழந்தை உண்மையில் சுலபம்; போட்ட இடத்தில் கிடக்கும், பசித்தால் அழும், அவ்வளவுதான். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரைதான் நமக்குச் சோதனை. ஓடத் தெரியும், நில் என்றால் நிற்கத் தெரியாது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அந்த வயதில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று ஆள் இருந்தால் போங்கள்.

இரவு தங்குவது வேறு விஷயம். "ஒண்ணுக்கு வருது", "கால்ல என்னமோ ஊருது" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிறகு, அதாவது நாலு வயதுக்கு மேல், காட்டுப்பக்கம் இரவு தங்கலாம் என்பது என் கணக்கு.

மொதல் தடவை எங்க போறது? நேரா டாப்சிலிப்பே போயிரலாமா?

வேண்டாம். டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முதலில் தோப்பு, அப்புறம் அணை, அதற்கப்புறம்தான் காடு. பொள்ளாச்சிப் பக்கம் சொந்தத்தில் யாரிடமாவது தென்னந்தோப்பு இல்லாமலா இருக்கும்? முதல் டென்ட்டை அங்கே அடியுங்கள். நடுராத்திரி குழந்தை "வீட்டுக்குப் போலாம்" என்று அழுதால் தோட்டத்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். டென்ட்டுக்குள் தூங்குவது, இருட்டில் டார்ச் பிடித்து நடப்பது, பல்லி சத்தத்துக்குப் பயப்படாமல் இருப்பது எல்லாம் அங்கேயே பழகிவிடும்.

ஆனால் மரத்தடியில் அடிக்காதீர்கள். நெற்று விழும், காய்ந்த மட்டை விழும், இரண்டுக்கும் நேரம் காலம் கிடையாது. கொப்பரை காயப்போடும் களம் இருந்தால் அதுதான் சரியான இடம்: திறந்த வெளி, மேடுபள்ளம் இல்லை, எது ஊர்ந்து வந்தாலும் கண்ணில் படும். சிமென்ட் தரையில் ஆணி இறங்காது என்பதால் கயிற்றை ஹாலோபிளாக் கல்லில் கட்டிக்கொள்ளுங்கள். களத்து ஓரத்தில் மட்டைக் குவியல் இருந்தால் அதிலிருந்து நன்றாகத் தள்ளி இருங்கள். தேளுக்கும் பாம்புக்கும் அதைவிட நல்ல இருப்பிடம் இல்லை.

அணை என்றால் ஆழியாறு, மலம்புழா, நெம்மாறைப் பக்கம் போத்துண்டி. மலம்புழாவில் பூங்காவும் ரோப்காரும் இருப்பதால் கூட்டம் சேரும். அமைதி வேண்டுமென்றால் போத்துண்டி.

காட்டுக்குள்ள நம்ம டென்ட்டக் கொண்டு போய் அடிச்சுக்கலாமா?

கூடாது. சரணாலயத்துக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டென்ட் ஆசை இருந்தால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் ஆனப்பாடியில் கேரள வனத்துறையே நிரந்தரக் கூடாரங்கள் போட்டு வைத்திருக்கிறது, குளியலறை உட்பட. டாப்சிலிப்பில் தமிழ்நாடு வனத்துறையின் தங்கும் விடுதிகள் உண்டு. இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"எஸ்டேட்டுக்குள்ள நம்ம பசங்க கேம்ப் போடறாங்க, ஃபயர் கேம்ப்பும் உண்டு" என்று யாராவது சொன்னால் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தையோடு போகும்போது இந்த ஒரு விஷயத்தில் பழக்கம், முகதாட்சண்யம் எதுவும் பார்க்காதீர்கள்.

பரம்பிக்குளம் கேரளாதானே? அப்ப பாலக்காடு வழியாப் போகணுமா?

இடம் கேரளா, வழி தமிழ்நாடு. வண்டி போகிற பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மட்டும்தான். அதனால் சேத்துமடையில் ஒரு செக்போஸ்ட், டாப்சிலிப் தாண்டிக் கேரளச் செக்போஸ்ட் என்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டும், இரண்டு இடத்திலும் கட்டணம். உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் கீழ் பராமரிப்பது தமிழ்நாடு. நம் வாய்க்காலில் வரும் தண்ணீரின் ஊர் அது என்று பெரிய குழந்தைகளிடம் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்.

அங்கே சின்னக் குழந்தைக்குப் பிடிப்பது கன்னிமாரா தேக்கு. சுற்றளவு ஏழு மீட்டர் வரும். குடும்பமே கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும். புலி தெரியுமா, தெரியாதா என்று சொல்ல முடியாது. மரம் எங்கும் போகாது. ஒரு நாளில் உள்ளே விடும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே போனால் போன் சிக்னலை நம்ப வேண்டாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது.

எந்த மாசம் நல்லதுங்க?

டிசம்பர் பாதியில் இருந்து பிப்ரவரி பாதி வரை. மழை விட்டிருக்கும், பச்சை மிச்சம் இருக்கும், அட்டை குறைவு. பிப்ரவரி கடைசியில் இருந்து காடு காய ஆரம்பிக்கும். காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று டென்ட்டைத் தூக்கிக்கொண்டு போகும், வால்பாறையில் மழை கொட்டும். அந்த மாதங்களில் பகல் பயணம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லங்கோடு வயலோரமாக வண்டியை நிறுத்தி, நெல்லியாம்பதி மலையில் இருந்து வெள்ளைக் கோடாக அருவிகள் இறங்குவதைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

வால்பாறை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி வளைவு. எம்பையன் வாந்தி எடுத்தே ஓஞ்சுருவானே?

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. அதற்கு மேல்தான். வெறும் வயிறும் ஆகாது, நெஞ்சு முட்டப் பாலும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, சட்னி வேண்டாம். வண்டியில் போனைக் கொடுக்காதீர்கள், வாந்திக்குப் பாதிக் காரணம் அதுதான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது வளைவில் கட்டாயம் இறங்குங்கள். கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும், யோகம் இருந்தால் சாலையோரப் பாறையில் வரையாடும் நிற்கும். பத்து நிமிடம் நின்றால் தலைசுற்றல் அடங்கிவிடும். மாத்திரை கொடுப்பதென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் பஸ்ஸுக்குப் போட்டுக்கொள்ளும் ப்ரோமெதசின் வகை மாத்திரையை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறல் வரும்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டிட்டுப் போறது?

புளிசாதம், வறுத்த உருளைக்கிழங்கு. தயிர்சாதம் வேண்டுமென்றால் சோற்றைப் பாலில் குழைத்து ஒரு ஸ்பூன் மோர் மட்டும் விட்டுக் கட்டுங்கள். மதியத்துக்குள் தானாகத் தயிராகிவிடும், புளிக்காது. தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். புலிகள் காப்பகச் செக்போஸ்ட்களில் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் பாட்டிலையும் கேரி பையையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கேரளப் பக்கம் ஓட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைத்தால் குழந்தை "மருந்து" என்று முகம் சுளிக்கும். பதிமுகம் என்னும் மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தது, தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆழியாறு, குரங்கு அருவிப் பக்கம் தின்பண்டத்தைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். குரங்கு பெரியவர்களைவிட, உயரம் பார்த்துச் சின்னதிடம்தான் அதிகம் பிடுங்கும். பல்லோ நகமோ பட்டால், கீறல்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும்.

பாப்பாவத் தூங்க வைக்க மரத்துல தூளி கட்டலாமா?

கட்டலாம், பழைய நூல் புடவையாக இருந்தால். எந்த மரம் என்பதுதான் கேள்வி. முருங்கை சொல்லாமல் முறியும். மாமரம் பலமானது, ஆனால் முசுறு என்னும் கடிக்கும் சிவப்பு எறும்பு இருக்கும். இலைகளைச் சேர்த்து ஒட்டி உருண்டையாகக் கூடு தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ஒரு முசுறு தூளிக்குள் போனாலும் அன்றைய நாள் முடிந்தது. புளியமரக் கிளை நல்லது. கட்டியபின் நீங்கள் ஒருமுறை உங்கள் கனத்தைப் போட்டுத் தொங்கிப் பாருங்கள். தூளியின் அடி தரையில் இருந்து ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இதெல்லாம் தோப்புக்கும் அணைக்கட்டுப் பூங்காவுக்கும்தான். காட்டு விடுதியில் அறைக்குள்ளேயே தூங்க வையுங்கள்.

அட்டை ஒட்டுனா உப்புப் போடலாமா, தீக்குச்சி வெச்சுச் சுடலாமா?

குழந்தைத் தோலுக்குப் பக்கத்தில் தீக்குச்சியா? வேண்டவே வேண்டாம். உப்பு போட்டால் விழும்தான், ஆனால் விழுவதற்கு முன் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிட்டுப் போகும். ஒல்லியான முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து நெட்டித் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அதே மாதிரி.

ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஹிருடின் போன்ற பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பஞ்சை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. நாலைந்து நாள் அரிக்கும். மூக்குக்குள்ளோ கண்ணிலோ போய்விட்டால் மட்டும் ஆஸ்பத்திரி. மழைக் காலத்தில் பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகி விடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

வழியில யானை நின்னா என்ன பண்றது?

நிறுத்த வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கக் கூடாது, போட்டோவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பின்னால் எடுக்க இடம் விட்டு நிறுத்துங்கள். முன்னால் ஒரு வண்டி அவசரப்பட்டு நுழைந்தால் நீங்களும் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வால்பாறையில் இருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகும் சாலையில் 2022 நவம்பரில் கபாலி என்று பெயர் வைத்திருக்கும் ஒற்றை யானை வழி மறித்ததில், ஒரு பேருந்து எட்டுக் கிலோமீட்டர் பின்னோக்கியே வந்தது. பயணிகள் நிறைந்த பேருந்தே பின்வாங்கும்போது நம் காருக்கு என்ன அவசரம்?

குழந்தை அழுதால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாலோ பிஸ்கட்டோ கொடுத்து அமைதியாக்குங்கள். அந்தச் சாலையில் மாலை நேரப் பயணமே வேண்டாம்.

எஸ்டேட் பங்களாவுல தங்கறோம், வாசல்லயே விளையாட விடலாமில்ல?

பகலில், கண் பார்வையில். அந்தி சாய்ந்தபின் வாசலில்கூட விடாதீர்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கி இறந்ததில் சின்னக் குழந்தைகள் அதிகம், நேரமும் பெரும்பாலும் அந்தி நேரம், இடமும் வீட்டு வாசலும் தேயிலைச் செடி ஓரமும்தான். குனிந்து விளையாடும் குழந்தை அதன் கண்ணுக்கு ஆளாகத் தெரியாது. கறிக்கழிவை வெளியே போட்டால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ஐந்தரைக்கு எல்லாரும் உள்ளே என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், இதில் மட்டும் நான் செல்லம் கொடுக்க மாட்டேன்.

கேரளாவுல குளத்துல குளிச்சா மூளையத் தின்ற அமீபா வருதாமே, அப்ப தண்ணியிலயே எறக்கக் கூடாதா?

இறக்கலாம், முங்க விடாதீர்கள். அந்த அமீபா தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. வெதுவெதுப்பான, தேங்கிய, அடியில் சேறு கலங்கும் தண்ணீரில் ஆபத்து கூடுதல். 2024-இல் மலப்புரம், கோழிக்கோடு பக்கத்தில் குழந்தைகள் இறந்ததில் இருந்துதான் இந்தப் பயம் பரவியது. அதே ஆண்டில் சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்த சிறுவனும் உண்டு.

ஆகவே முழங்கால் அளவு, ஓடும் தண்ணீர், தலை நனையாத விளையாட்டு. குளம் குட்டையில் குதிப்பதும், மூக்கில் தண்ணீர் ஏற்றி விளையாடுவதும் கூடாது. குளித்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்தை மடக்க முடியாமை வந்தால், எங்கே குளித்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அணைத் தேக்கத்தில் மட்டும் முழங்கால் அளவும் வேண்டாம். ஓரடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆளே முழுகும் குழி.

அருவிக்கு விடறாங்களே, அப்ப பத்திரம்தானே?

விட்ட நேரத்தில் பத்திரம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் வரலாம். 2024 மே மாதம் குற்றாலம் பழைய அருவியில் 17 வயதுச் சிறுவன் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டான். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், துணியையும் சோப்பையும் விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். தடாகத்துக்கு நடுவில் இருக்கும் பாறையில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம்.

கீழ கெடந்த மாம்பழத்த எடுத்துக் கடிச்சுட்டான், ஏதாவது ஆகுமா?

முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வழியாகப் போனால் இது நடக்கும்தான். பொதுவாக ஒன்றும் ஆகாது, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். இருந்தாலும் பழகவிடக் கூடாது. தோப்புகளில் மருந்து அடிப்பார்கள். கழுவாமல் தின்னக் கூடாது. பறவையோ வௌவாலோ கடித்த தடம் இருக்கும் பழத்தைத் தொடவே வேண்டாம் என்று நிபா காலங்களில் சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிபா செய்தி வந்தால் வாளையாறு, மீனாட்சிபுரம் போன்ற செக்போஸ்ட்களில் காய்ச்சல் பார்ப்பார்கள். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் அந்த வாரம் எல்லை தாண்டாமல் இருப்பது மேல்.

பாம்பு கடிச்சா மொதல்ல என்ன செய்யணும்?

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. "சின்னக் குழந்தை, மருந்தைக் குறைச்சுப் போடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். பாம்பு ஏற்றிய விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் குழந்தைக்கும் பெரியவர்களுக்குப் போடும் அதே அளவுதான்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வலியே தெரியாமல் போகும். எனவே தோப்பிலும் சரி, விடுதியிலும் சரி, கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டுப் படுங்கள். விடியற்காலையில் கண் இமை தொங்கி, வயிறு வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள்.

ரெண்டுக்குப் போகணும்னா? டயப்பர எங்க போடறது?

காட்டில் போட்ட டயப்பரை விலங்கு தோண்டி எடுக்கும். மூடி போட்ட பழைய பெயின்ட் டப்பா ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். டயப்பர் விட்ட பிள்ளை என்றால் ஓடையில் இருந்து அறுபது எழுபது தப்படி தள்ளி, அரை அடி குழி தோண்டி, மண்ணைத் தள்ளி மூடுங்கள். தனியாகப் புதர்ப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்பதைச் சிறுத்தைக் கேள்வியிலேயே புரிந்துகொண்டிருப்பீர்கள்.

அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயும் பாப்பா எறும்புப் புத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா. காசு வீண்தானே?

அவள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டாள். வியூ பாயின்ட் நமக்கு. ஐந்து வயதுக்கு மூன்று அடி தூரம்தான் உலகம். ஒரே நாளில் ஆழியாறு, குரங்கு அருவி, வால்பாறை, சோலையாறு என்று ஓட்டினால் குழந்தைக்கு மிஞ்சுவது கார் சீட்டு. ஓர் இடம், மூன்று மணி நேரம், கையில் ஒரு பூதக்கண்ணாடி. புற்றுக்குள் மட்டும் குச்சி விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

போயிட்டு வந்து பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். புதர்க்காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ், புல் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிப் புழு கடித்து ஆறு முதல் இருபத்தோரு நாளுக்குள் வரும். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள். சிகரெட் சுட்ட மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. சரியான மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், தள்ளிப்போட்டால்தான் சிக்கல். காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லாமல் விட்டால் டாக்டரும் சளிக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்பார்.

மாமியார் விட மாட்டேங்கறாங்க. காத்து கருப்பு அடிச்சுரும், கறி வேற எடுத்துட்டுப் போறீங்கங்கறாங்க...

வாதம் பண்ணாதீர்கள். பைக்குள் ஒரு கொத்து வேப்பிலையும் அடுப்புக்கரித் துண்டும் போட்டுக்கொண்டால் எடை கூடப்போவதில்லை. கறியை மட்டும் அவர் சொன்னபடியே வீட்டில் விட்டுவிடுங்கள். காரணம் வேறாக இருந்தாலும் (சிறுத்தைக் கேள்வியைப் பாருங்கள்) சொன்னது சரிதான். முடிந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் சொன்ன ஒரு குழந்தைக்கு ஓர் ஆள் கணக்கும் சரியாகிவிடும், தூளி ஆட்டவும் கை கிடைக்கும்.